போதும்பொண்ணுவின் ஒரு வயதுப் படம்

“உங்க கடை சீலுதான் பின்னாடி இருக்குது, பாருங்கய்யா. அதனாலதான் தருமபுரியில அத்தன கடை இருந்தும் இங்கியே தேடிக்கிட்டு வந்தோம்.”

போதும்பொண்ணு நீட்டிய படத்தை மாரப்பன் வாங்கிக்கொண்டார். காரிமங்கலத்தில் நாற்பது வருடமாக ஸ்டுடியோ வைத்திருப்பவர். இப்போது பிளெக்ஸ் அடிப்பதுதான் பிழைப்பு. கேமரா அலமாரிக்குள் போய்விட்டது.

படம் சிவந்து மங்கியிருந்தது. பூப்போட்ட கவுனில் ஒரு குழந்தை முக்காலியில் உட்கார்ந்து சிரித்தது.

“பழசு எதுக்குடி? புள்ள படத்த மட்டும் போடச் சொல்லு” என்றாள் கோவிந்தம்மாள். அவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். இடுப்பில் பேத்தி யுவராணி.

“நீ சும்மா இரும்மா. அய்யா, நாளான்னிக்கு எம்பொண்ணுக்கு மொதப் பொறந்தநாளு. மாசம் ஒண்ணுன்னு பன்னண்டு போட்டோ எடுத்து வெச்சிருக்கறேன்.”

போனைத் திறந்து காட்டினாள். எல்லாவற்றிலும் அதே பச்சைப் போர்வை. எத்தனை மாதமோ அத்தனை தக்காளி குழந்தையைச் சுற்றி இருந்தது.

“எட்டாவது மாசத்துல ஏழுதான் இருக்குதே?”

“ஒண்ணு அவ வாயில இருக்குதுங்கய்யா!”

மாரப்பன் சிரித்துவிட்டார்.

“இதெல்லாம் சுத்தி வரட்டும். நடுவுல என்னோட ஒரு வயசுப் படமும் இவ படமும் ஜோடியா வரணும். இனிமே எங்க வூட்டு வழக்கமே இதுதான். நாளைக்கு இவளுக்கு ஒரு புள்ள பொறந்தா, இவ படம் அது பக்கத்துல வரும்.”

“பேரு என்ன போடட்டும்?”

“மேல யுவராணி. கீழ, தாய் போதும்பொண்ணு.”

கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த அவர் விரல்கள் ஒரு கணம் நின்றன.

“நாலாவதும் பொட்டப் புள்ளையாப் போச்சுன்னு வெச்ச பேருங்க. பள்ளிக்கூடத்துல பாடம் படிக்க எந்திரிச்சாப் போதும், ‘போதும், உக்காரு’ம்பாங்க.” அவளே சிரித்தாள். “ஆனா எங்கக்கா மூணு பேருக்கும் சின்ன வயசுப் படமே கெடையாது. எனக்கு மட்டுந்தான் எங்கப்பா ஸ்டுடியோவுக்கு இட்டாந்து எடுத்திருக்காரு.”

அந்தப் பெயரோடு வாழ்ந்த இருபத்தெட்டு வருடமும் இந்தப் படம்தான் அவளுக்குச் சாட்சி. வேண்டாத பிள்ளைக்கு யாரும் பூப்போட்ட கவுன் போட்டுப் படம் எடுப்பதில்லை. அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதாக நினைவில்லை. பேசாத அப்பாவுக்கும் படம் எடுத்த அப்பாவுக்கும் நடுவில் எங்கோதான் அவள் வளர்ந்தாள். போன வருடம், பேத்தியைப் பார்க்காமலேயே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்க நினைத்தது கேட்காமலேயே நின்றுபோனது.

“உங்களுக்கு அந்த நாளு ஞாபகம் இருக்குதுங்களாய்யா? எங்கப்பாதான் இட்டாந்தாருங்களா? இல்ல, அம்மா என்னைத் தேத்தறதுக்குச் சும்மா சொல்லுதா?”

“எத்தன ஆயிரம் பேருக்கு எடுத்திருப்பாரு! அவருக்கு எப்புடிடி ஞாபகம் இருக்கும்? கெளம்பு, பஸ்ஸு வந்துரும்.” வாசலிலிருந்தே கோவிந்தம்மாள் அவசரப்படுத்தினாள்.

மாரப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இருக்குது கண்ணு” என்றார் மெதுவாக. “அன்னிக்குச் சந்த நாளு. முக்காலியில உக்கார வெச்சா எறங்கி எறங்கிப் போவுது. ஒரு கால் கொலுசு கழண்டுக்கிச்சு. அதக் கையில குடுத்தாத்தான் ஆச்சுன்னு ஒரே அழுவ. பாரு, கையில புடிச்சிருக்குது.”

போதும்பொண்ணு குனிந்து பார்த்தாள். அதை இத்தனை வருடமும் கிலுகிலுப்பை என்றே நினைத்திருந்தாள்.

“எங்கப்பா?”

“பெத்தவன் கேமராவ ஒட்டி நின்னுக்கிட்டுக் காக்கா மாதிரி கத்துனான். அப்பத்தான் சிரிச்சுது.”

“காக்கா மாதிரியா? எங்கப்பாவா?”

“கடையில இருந்தவங்க எல்லாம் அவனப் பாத்துச் சிரிக்கறாங்க. அவனுக்கு வெக்கமே இல்ல. அம்புட்டு ஆசை கண்ணு, அந்தப் புள்ள மேல.”

போதும்பொண்ணு துப்பட்டாவால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். உள்ளே எங்கோ பூட்டிக் கிடந்த ஒரு கதவு அசைவதுபோல் இருந்தது. குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு, “இவளுக்கு ஒரு பன்னு வாங்கியாறேன்” என்று எதிர் பேக்கரிக்குப் போனாள். ரோட்டைக் கடக்கும்போது மகளின் காதில் அவள் காக்காய் போலக் கத்துவதும், யுவராணி கெக்கலிப்பதும் கேட்டது.

கோவிந்தம்மாள் அப்போதுதான் உள்ளே வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

“சொல்லிப்புடுவீங்களோன்னு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சுங்கண்ணா. அந்த மனுசன் ஒரு நாளும் இந்தப் படிய மிதிக்கல. பேரத்தான் இப்புடி வெச்சுட்டோம், படமாச்சும் ஒண்ணு இருக்கட்டும்னு, கண்ணாடிப் பொட்டியில நீங்க மாட்டி வெச்சிருந்தத நான் கெஞ்சி வாங்கிட்டுப் போனேன். அது யாரு பெத்த புள்ளையோ, இப்ப எங்க இருக்குதோ! ஆனா கூடவே இருந்து பாத்தாப்பல எப்புடிங்கண்ணா கதை கட்டுனீங்க?”

மாரப்பன் படத்தின் சிவப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, யுவராணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டாவது பிறந்தநாளைப் பார்க்காமல் போன அவருடைய ஒரே மகள், திரையில் ஒரு குழந்தைக்குத் தாயாகிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.