கைராசிக்கு ஒரு பூட்டு

பக்கத்து வீட்டுக் கலியம்மாள் தன் தொழில் ரகசியத்தைத் திருடுகிறாள் என்று தெரிந்ததும், பிரவீணாவுக்குக் கோபத்தைவிடப் பெருமைதான் அதிகமாக வந்தது.

திருடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டோமே!

பிரவீணாவுக்குப் பெரம்பலூர் ஜவுளிக் கடையில் பில் போடுகிற வேலை. சாயங்காலமானால் குரும்பலூர் வீட்டில் கார பிஸ்கட் சுட்டு விற்பாள். முளைகட்டிய பாசிப்பயறை அரைத்து மாவில் சேர்த்த, சத்தான பிஸ்கட்.

காலையில் ஊறின பயறைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு பஸ் ஏறுவாள். திரும்பி வரும்போது வெள்ளை வெளேரென்று வால் விட்டிருக்கும். இந்தப் பங்குனி வெயிலில் தெருவில் வேறு யாருக்கும் அப்படி முளைக்கவில்லை.

கைராசி என்று அவளே சொல்லிக்கொண்டாள். தெருவும் நம்பிவிட்டது. எதிர்வீட்டு ஆண்டாயி கத்தரி நாற்று நட அவளைக் கூப்பிட்டாள். போர் போட இடம் காட்டச் சொல்லி ஒருவர் வந்தே விட்டார்.

அந்த ஆண்டாயிதான் வத்தி வைத்தாள். பிரவீணா வேலைக்குப் போனதும் கலியம்மாள் தினமும் பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகிறாளாம்.

கலியம்மாள் முறுக்கு வியாபாரி. வேறு எதற்குப் போவாள்?

சனிக்கிழமை பள்ளிக்கூட விளையாட்டு விழா. முந்நூறு பிள்ளைகளுக்கு பிஸ்கட். பிடித்துவிட்டால் வாராவாரம் ஆர்டர் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கடையில் நின்று கால் கடுத்தது போதும் என்று பிரவீணா மனக்கோட்டை கட்டியாயிற்று.

வியாழக்கிழமை ஒரு பூட்டு வாங்கி வந்து, கலியம்மாள் பார்க்கும்படி தெருவுக்கே காட்டினாள். மறுநாள் காலை மூன்று கிலோ பயறைக் கட்டித் தொங்கவிட்டு, பின்கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் வந்து மூட்டையைத் தொட்டால், துணி அப்பளமாகக் காய்ந்து கிடந்தது. ஒரு பயறுகூட முளைக்கவில்லை.

விடிந்தால் விழா. பிரவீணாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதே வேகத்தில் கலியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பூட்டுப் போட்டும் உங்க கண்ணு உள்ள போயிருச்சேக்கா. தெனம் எம் வூட்டுக்குள்ள உங்களுக்கு என்ன வேலை?"

கலியம்மாள் உள்ளே போய், தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு துணி மூட்டையைத் தூக்கிவந்து அவள் கையில் கொடுத்தாள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் பாசிப்பயறு. ஒவ்வொன்றும் நீள நீளமாக முளைத்திருந்தது.

"நீ பூட்டோட வந்ததப் பாத்துட்டு அன்னைக்கே நானும் ஊறப்போட்டேன் புள்ள. சீக்கிரம் போயி அரை."

பிரவீணா மூட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களுக்கும் கைராசி இருக்காக்கா?"

"ராசியாவது ஒண்ணாவது. இந்த வெயிலுக்கு மணிக்கொரு தடவ துணியில தண்ணி தெளிக்கணும். இத்தன நாளும் உன் மூட்டைக்கு நான்தான் தெளிச்சேன். நீ கைராசின்னு துள்ளிக் குதிச்சியா, சொல்ல மனசு வரல."