சுல்மாவின் கூடு

தங்கை ரோமினாவுக்குப் பள்ளியில் ஒரு சிறிய கணினி கொடுத்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அம்மா சால்தோவின் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போக, வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் படிப்பை நிறுத்தியிருந்தேன்.

அந்தக் கணினியில் ஒரு கணக்கு விளையாட்டு இருந்தது. விடை சரியாக இருந்தால் ஒரு குருவி களிமண் உருண்டை கொண்டுவந்து கூடு கட்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு கூடு. ரோமினாவின் வகுப்பில் இருபத்திரண்டு பேர். திரையில் இருபத்துமூன்று கூடுகள்.

"சுல்மாக்கா, உன் பேர்லயும் ஒண்ணு இருக்கு. என்னோடத விடப் பெருசு! நான் தூங்குனப்புறம் திருட்டுத்தனமா ஆடுறியா?"

"நான் அதத் தொட்டதே இல்லடி."

"புளுகாத. டீச்சரே சொல்றாங்க, சுல்மாதான் ஃபர்ஸ்ட்டுன்னு."

அந்த சுல்மா மேல் எனக்குப் பொறாமை வந்தது. என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் ரோமினா கணினியை மறந்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள். நான் என் பெயரிட்ட கூட்டைத் தொட்டேன். திரையில் எழுத்து வந்தது: "சுல்மா வகுப்பில் இருக்கிறாள். ஐந்து மணிக்கு வருவாள்." மூடி வைத்துவிட்டு உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஐந்து மணிக்கு ரோமினா தனியாகத்தான் வந்தாள். தன் வெள்ளைச் சீருடை அங்கியைக் கழற்றி அழுக்குக் கூடையில் எறிந்தாள்.

துவைக்க எடுத்தபோது கூடையில் இரண்டு அங்கிகள் இருந்தன. பெரியது என் அளவு. அதன் கழுத்தில் கட்டிய நீல ரிப்பன், பள்ளிக்குப் போன நாட்களில் நான் கட்டியதைப் போலவே, இடப்பக்கம் சாய்ந்திருந்தது. கைமுனையில் ஈரக் களிமண்.

ரோமினாவுடையதை மட்டும் துவைத்துக் காயப்போட்டேன்.