இரண்டாம் நாள் வலி

பிரேம்நாத்தால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"தொடை கல்லாட்டம் இறுகிப்போச்சு கீர்த்தி. இன்னிக்கு லீவு விட்டுடலாமா?"

"மொத நாளே வீம்புக்கு நாலு மணி நேரம் பண்ணா வலிக்காதா? சும்மா இருந்தா இன்னும் புடிச்சுக்கும். இன்னிக்குப் பாதி நேரம், மெதுவா பண்ணுங்க."

"வலி மாத்திரை?"

"வேணாம். சுடுதண்ணில குளிங்க, நல்லா தூங்குங்க. மூணு நாள்ல விட்டுடும்."

"டாக்டராட்டம் பேசறியே, யார் சொன்னது?"

"நீங்கதான். போன வருஷம் உங்க ஜிம்ல சேர்ந்தப்ப எனக்கு இதையேதான் சொன்னீங்க."

ஜிம் மாஸ்டர் பிரேம்நாத் தறிக்குழிக்குள் காலை இறக்கி, மிதிகட்டையை அழுத்தினான். முகம் கோணியது.

கீர்த்தியின் அப்பா வேணுகோபால் மூலையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தார். "என் பொண்ணு வேணும்னா அவன் ஒரு வாரம் தறி மிதிச்சுக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்" என்று சொன்னவர். இரண்டு நாளாக அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் அவர் தலை நிமிரவில்லை.

"கீர்த்தி, மாப்பிள்ளைக்குச் சுடுதண்ணி வைம்மா" என்றார்.