சேர்க்கைக்குரிய எடை

கண்களை இறுக மூடிக்கொண்டு மகள் எடைக்கருவியின் மீது ஏறி நின்றாள்.

வெளியே வெயில் கொளுத்தியது. அவளோ கம்பளிச் சட்டையைக் கழற்றச் சொன்னதற்கே நடுங்கினாள். பதினைந்து வயதுத் தோளில் எலும்பு மட்டுமே எஞ்சியிருப்பதைக் காண மாட்டாமல் தாய் சுவரைப் பார்த்தாள்.

நோய் இன்னதென்பதில் மருத்துவருக்கு ஐயமே இல்லை. நின்றுபோன மாதவிலக்கு, கொத்துக் கொத்தாய்ச் சீப்போடு வரும் முடி, ஓர் ஆப்பிளைப் பொடிப்பொடியாய் நறுக்கி மாலை வரை கொறிக்கும் வழக்கம், மாடிப்படியில் மயக்கம். தாய் சொல்லச் சொல்லத் தலையசைத்தார்.

பசிப்பிணி பழையது. இது, பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் பசியையே பகையாக்கும் பிணி. உள்நோயாளியாகச் சேர்த்து உணவையே மருந்தாக ஊட்டினால் மீட்டுவிடலாம் என்று அவரே சொன்னார்.

பிறகு எடையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பயப்படாதீங்கம்மா, அவ்வளவு மோசமில்ல. இங்க சேர்க்கணும்னா இன்னும் மூணு கிலோ கொறஞ்சிருக்கணும். அதுதான் விதி. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, பார்ப்போம்."

தாய்க்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"வீடு பாதி எரியட்டும், அப்புறம் வண்டி அனுப்புறோம்னு எந்தத் தீயணைப்புக்காரனாவது சொல்வானா சார்?"

"என் கையில என்னம்மா இருக்கு?"

"பேனா இருக்கே! ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை மூடிப் பையில் செருகினார். அடுத்தவரை அழைக்க மணியை அழுத்தினார்.

கூடமெங்கும் தாயின் குரல் அதிர்ந்தது. உருகிக்கொண்டிருக்கும் ஓர் உயிரைப் பார்த்து, உருகியது போதாது என்று சொல்ல ஒரு நாவா! அந்த நாவுக்கு ஒரு படிப்பா, அந்தப் படிப்புக்கு ஒரு வெள்ளை அங்கியா! பிள்ளை தேய்ந்து தேய்ந்து இவர்கள் வரைந்த கோட்டைத் தொட்டால்தான் கதவு திறக்குமென்றால், அந்தக் கதவு யாருக்காக? இறைவா, இதைக் கேட்க ஆளே இல்லையா?

வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அடக்கி வைத்த அழுகை உடைந்தது.

மகள் அருகே வந்து அமர்ந்தாள். பனிபோல் சில்லிட்ட விரல்களால் தாயின் கன்னத்தைத் துடைத்தாள். அவள் முகத்தில் பல மாதங்களாகக் காணாத ஒரு தெளிவு.

"அழாதம்மா. மூணு கிலோதானே? ரெண்டு மாசம் எதுக்கு, ஒரு மாசத்துலயே கொறச்சுடுறேன்."