சேத்துக்கறோம்

இதை முதலில் எனக்குச் சொன்னது எதிர்வீட்டு பவுனம்மாள். சுனாமிக்கு முந்தின மாசி மகத்தன்று, வடிவுடையம்மன் சந்நிதி வரிசையில் நிற்கும்போது.

"நம்ம தெரு கார்குழலிய பத்தி பேசறத கேட்டியாக்கா? அப்பன் சாவுக்குப் போவாதவ, பங்குன்னதும் பட்டுப்பொடவை கட்டிக்கினு கோர்ட்டுக்கு ஓடியாந்துட்டாளாம்னு அவ சின்னண்ணி ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறா."

சாவுக்கு எப்படிப் போவாள்? ராயபுரத்து செல்வநாதனைக் கட்டிக்கொண்ட அன்றே அவளைத் தலைமுழுகிவிட்டார்கள். அப்பா செத்ததுக்கு ஆள் அனுப்பவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் பெரியண்ணன் ஜெயவேல் அவள் வாசலில் வந்து நின்றாராம். செருப்பைக் கழற்றவில்லை. பவுனம்மாளும் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

"இன்னா குழலி, நல்லாகீறியா? உன்னியும் சேத்துக்கறோம். வெள்ளிக்கெழம பாரீஸ் வந்துடு."

"சின்னண்ணனும் வருதாண்ணா?"

"எல்லாரும் வந்துதான ஆவணும்."

ஜெயவேல் மகள் வினிதாவுக்குத் தையில் கல்யாணம் என்று ஏற்கெனவே காதில் விழுந்திருந்தது. பாரீஸ் என்றால் பாரிமுனைக் கடைகளில் புடவை எடுக்கத்தான் என்று நினைத்துவிட்டாள்.

"யக்கா, என்ன சேத்துக்கினாங்க!" என்று அழுதாளாம். இருந்த ஒரே பட்டைக் கட்டிக்கொண்டு, மருமகளுக்குக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு, பவுனம்மாளையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஜெயவேல் கூட்டிப்போனது புடவைக் கடைக்கு இல்லை. கோர்ட்டுப் பக்கம், வக்கீல் ரூமுக்கு.

"விட்டுப்போன வாரிசு இவங்கதானா?" வக்கீல் தலை நிமிரவில்லை. "பெரியண்ணன் சின்னண்ணன் மேல போட்ட சொத்து கேசும்மா. உங்களைச் சேர்க்காம அது நிக்காது. நோட்டீஸ் வாங்கினதுக்குக் கையெழுத்துப் போடுங்க. நீங்க ரெண்டாவது பிரதிவாதி."

"பிரதிவாதின்னா இன்னாண்ணா?"

கேசுக்காக வந்து வாசலில் நின்ற சின்னண்ணி சிரித்தாளாம். "எதிராளிம்மா! பட்டு கட்டத் தெரிஞ்சுது, இது தெரிலியா?"

கார்குழலி கையெழுத்துப் போட்டுவிட்டு, வளையல் பொட்டலத்தை அண்ணனிடம் நீட்டினாள். "வினிதாவுக்குண்ணா."

ஜெயவேல் கையை நீட்டவில்லை. வக்கீலைப் பார்த்தார்.

"எதிர்பார்ட்டி கைல ஏதாச்சும் வாங்கலாமா சார்?"

தையில் கல்யாணம் நடந்தது. அவளுக்குப் பத்திரிகை வரவில்லை. வாய்தா தேதிதான் வருகிறது.

அம்மனுக்கு அவள் பேரில் ஒரு விளக்குப் போட்டேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். யாரிடமாவது 'உன்னைச் சேத்துக்கறோம்' என்றால், எதில் என்றும் சொல்லிவிடுங்கள்.