சர்வரை நிறுத்தியது யார்?

"காலையிலேருந்து ஆயிரம் தடவை சர்வர் நின்னிருக்கு! மணிக்கொரு தடவை தானா துறைமுகத்துக்குப் போக வேண்டிய கப்பல் பயணிகள் பட்டியல் ஒண்ணுகூடப் போகலை. நீதான் எதையோ தொட்டிருக்கே, மரிவிக்!"

பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்த அந்தக் கப்பல் நிறுவன அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் மேலாளர் டிண்டோ.

மரிவிக்குக்கு முகம் சிவந்தது. அவள் வேலை நிரந்தரமாக வேண்டிய நாள் அது.

"நான் தொடவே இல்லை சார். வேற யாரோ நிறுத்துறாங்க."

"யாரு, பேயா? உன்னை எப்படி நிரந்தரமாக்கச் சொல்லி எழுதறது?"

அவள் ஆத்திரத்தோடு சர்வரின் பதிவுகளைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள். அத்தனை முறையும் அதை நிறுத்தியது, சர்வர் நலமா என்று பார்ப்பதற்காக டிண்டோவே நேற்று எழுதி வைத்த சோதனை நிரல்! பத்து விநாடிக்குள் பதில் வராவிட்டால், சர்வர் செத்துவிட்டதென்று நிறுத்தி, மறுபடி தொடங்க வைத்தது.

"அது எழுந்திரிக்கவே ஒரு நிமிஷம் ஆகும் சார். அதுக்குள்ள கழுத்தை நெரிச்சா எப்படிப் பதில் சொல்லும்?"

டிண்டோவின் குரல் இறங்கியது. "பத்து செகண்ட் போதும்னு நினைச்சுட்டேம்மா."

"அதுக்காவது பத்து செகண்ட் குடுத்தீங்க சார். ஆறு மாசமா உழைக்கிற எனக்கு அதுகூடக் குடுக்கலையே!"