அதாவது

“பழைய ஸ்கூலுக்கே போயிடறேண்ணா. இங்கே மூவாயிரம் பேர். என் பேர்கூட யாருக்கும் தெரியல” என்று ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள் தங்கை. சாப்பாட்டு டப்பாவைக்கூடத் தனியாகவே திறந்து மூடுவதாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை கண் கலங்கி வந்தாள்.

“என்னாச்சு?”

“கெமிஸ்ட்ரி கிளாஸ்ல போர்டு முழுக்க ‘அதாவது’ன்னு எழுதி வச்சிருந்தாங்க. நான் வாயைத் தொறந்தா அந்த வார்த்தைதான் முதல்ல வருதாம். அதையே எனக்குப் பட்டப்பேரா வச்சுட்டாங்க. நான் உள்ளே நுழைஞ்சதும் கிளாஸே சிரிச்சுது.”

அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டான். “உங்க ஹெட்மாஸ்டர் வீடு எங்கே இருக்கு? நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.”

“அவர்கிட்டயா? அவருக்கே ‘கதவைச் சாத்து’ன்னு பேரு.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “நூத்தி இருபது டீச்சர் இருக்கோம்ணா. பசங்க மெனக்கெட்டுப் பேரு வச்சது பதினாலு பேருக்குத்தான். பன்னெண்டு வருஷமா கணக்கு நடத்தற சாருக்கே இன்னும் ஒண்ணும் அமையல. இன்னிக்கு என்னைப் பொறாமையோட பார்த்தாரு.”

அண்ணன் மாட்டிய சட்டையைக் கழற்றினான்.

“நாளைக்கு லீவு, நாளன்னிக்கும் லீவு” என்று அலுத்துக்கொண்டாள் அவள். “திங்கக்கிழமை எப்போண்ணா வரும்?”